பொது வண்டியும் மனிதக் கணக்கும்



1938ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் திருவனந்தபுரத்து வீதியில் பேருந்துகள் அணிவகுத்துச் சென்றன. முதல் வண்டியில் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் அமர்ந்திருந்தார். அதனை ஓட்டியவர் ஈ. ஜி. சால்ட்டர் என்னும் ஆங்கிலேயர். லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய அவரே புதிய அரசுப் போக்குவரத்துத் துறையின் கண்காணிப்பாளர். திருவனந்தபுரத்தையும் நாகர்கோவிலையும் குமரிமுனையையும் இணைக்கும் நம் பாதை, அத்துறை தொடக்கத்திலேயே ஏற்ற பாதைகளுள் ஒன்று.

இங்கிலாந்திலிருந்து வந்த 60 காமர் அடிச்சட்டங்களும், அவற்றின் மீது நம் நாட்டுத் தொழிலாளரே கட்டிய கூடுகளும் பேசத்தக்கனவே. ஆயினும் நான் இன்று பேசக் கருதுவது வண்டிகளைப் பற்றியன்று. அவற்றை நடத்திய ஏடுகளைப் பற்றி.

பலருக்கும் பொதுவான பொருளுக்கு முறை வேண்டும். கால்வாய்த் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சிய நாஞ்சில் நாட்டு உழவனுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பேருந்துக்கும் அத்தகைய முறை ஏடுகளில் அமைந்தது. வண்டி எப்போது புறப்படும் என்பதைக் கால அட்டவணை கூறும். அதனை எவர் ஓட்டுவார், எவர் சீட்டுக் கொடுப்பார் என்பதைப் பணிப்பட்டியல் கூறும். மூன்றாவது ஏடு, நடத்துநர் கையில் இருக்கும் 'வே பில்'. ஒவ்வொரு ஸ்டேஜிலும் அடுத்து விற்கவேண்டிய சீட்டின் எண்ணை அதில் அவர் எழுதவேண்டும். வழியில் ஏறும் பரிசோதகர் அந்த எண்ணையும் கட்டிலுள்ள சீட்டையும் பயணிகளின் தலைகளையும் ஒப்பிட்டு நோக்குவார். அக்காலத்துக் கட்டணம் மைலுக்கு அரைச் சக்கரம். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அரைச் சக்கரத்துக்கும் கணக்கு உண்டு என்பதே அந்த ஏட்டின் பெருமை.

காசுக்குக் கணக்கு எழுதிய ஏடு, நாளடைவில் மனிதனையும் அளக்கும் கோலாயிற்று. வசூல் மிகுந்தால் நல்ல நடத்துநர். குறைந்தால் விளக்கம் கேட்கப்படுவார். இங்கேதான் எனக்கு ஐயம் எழுகின்றது. விடுமுறை நாளில் நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் வண்டி தானே நிரம்பும். ஐப்பசி மழையில் பேச்சிப்பாறைக்கு ஏறும் வண்டியில் பத்துப் பேர் இருப்பது அரிது. இரண்டிலும் உழைப்பு ஒன்றே; பின்னதில் சற்று மிகுதி என்றும் சொல்லலாம். ஆனால், வே பில்லில் மழைக்கு ஒரு பத்தி இல்லை.

இந்தக் குறையின் ஒரு பகுதியைச் சட்டம் தீர்த்தது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், வேலைநேரம் பொதுவாக நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வரையறுத்தது. ஐந்து மணி நேர உழைப்புக்குப் பின் அரைமணி ஓய்வும், வாரத்தில் ஒருநாள் விடுப்பும் வேண்டும் என்றது. பணிப்பட்டியல் மனிதனின் ஓய்வையும் கருதவேண்டியதாயிற்று.

1956 நவம்பர் 1ஆம் நாள் குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. 1983இல் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு நேசமணி போக்குவரத்துக் கழகம் தோன்றியது. 1997இல் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டு, பெரும்பாலான கழகங்கள் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்னும் ஒரே பெயரைப் பெற்றன. பின்னர்ச் சீட்டுக்கட்டு இருந்த கையில் மின்னணுக் கருவி வந்தது. முன்பு பணிமனையில் எழுத்தர் கூட்டிப் பார்த்த தொகையை அது நொடியில் கூட்டிவிடுகின்றது. எந்த நிறுத்தத்தில் எத்தனை சீட்டு, எந்த நடையில் எவ்வளவு வசூல் என்பதெல்லாம் கணிப்பொறிக்கு எட்டிவிடுகின்றன. இது நன்மையே. ஆயினும் கோல் விரைவானதே தவிர, அளக்கும் பொருள் மாறவில்லை.

அதனை மாற்றியது வேறொன்று. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். அவர்களுக்கும் சீட்டு உண்டு. காசு மட்டும் இல்லை. வசூலைக் கொண்டு நடத்துநரை அளந்த பழைய வழக்கம், அத்தகைய வண்டிகளில் பொருளற்றதாயிற்று.

அவ்வாண்டு டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப ஏறிய ஒரு முதிய பெண்மணி, மீன்வாடை வீசுகிறதென்று பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். நிலையத்தில் நின்று அவர் முறையிட்டதை நாடே கேட்டது. ஓட்டுநர், நடத்துநர், நேரக்காப்பாளர் ஆகியோர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். எண்ணிப் பாருங்கள்: அந்த வண்டி குறித்த நேரத்தில் புறப்பட்டிருக்கலாம், வசூல் காசு குறையாதிருக்கலாம். ஏட்டின்படி குற்றமே இல்லை. அந்தத் தாய் வாய்திறந்து கேட்டிராவிட்டால், எந்தக் கருவியும் அதனைச் சொல்லியிராது.

ஆகவே நான் வேண்டுவது இரண்டே. கருவி குறிக்கும் கணக்கைப் பணியாளர் தாமும் கண்டு, மழையையும் பழுதையும் எடுத்துச் சொல்ல இடம் வேண்டும். ஏறிய பயணி எவ்வாறு நடத்தப்பட்டார் என்பதற்கும் கணக்கில் இடம் வேண்டும். அரைச் சக்கரத்தை மறவாத ஏடு நமக்கு வாய்த்தது. மனிதனை மறவாத ஏட்டை இனி நாம்தான் எழுதவேண்டும்.