ஓடுவதும் ஓட்டுவதும்

ஆங்கிலத்தில் அதிகப் பொருள் கொண்ட சொல் எது என்று வினாடி வினாவில் கேட்டால், ‘செட்’ என்று சொன்னவருக்குத்தான் நெடுங்காலம் மதிப்பெண் கிடைத்தது. 1989இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் அந்த வினைச்சொல்லுக்கு ஏறத்தாழ 430 பொருள்கள். விளக்கமும் மேற்கோளுமாக 60,000 சொற்கள். மூன்றாம் பதிப்புக்காக அகராதியைத் திருத்தி எழுதத் தொடங்கியபோது பட்டம் கைமாறியது. 2011இல் ‘ரன்’ எல்லாவற்றையும் தாண்டி முன்னால் வந்தது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள். அதை வகைபிரித்து முடிக்க பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு ஒன்பது மாதம் பிடித்தது.

இத்தனை பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், இயந்திரங்களைக் கைகாட்டுவது வழக்கம். ரயில் ஓடியது, ஆலை ஓடியது, மோட்டார் ஓடியது, சொல்லும் கூடவே ஓடியது என்பார்கள். சரிதான். ஆனால் இயந்திரம் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தச் சொல்லுக்குள் ஒரு விபத்து நடந்துவிட்டது. என் கணக்கில் அதுதான் முதல் காரணம்.

பழைய ஆங்கிலத்தில் ‘ரின்னன்’ என்றொரு வினை இருந்தது. ஆள் ஓடினாலும் அதுதான், ஆறு ஓடினாலும் அதுதான். ஏடுகளில் இது பெரும்பாலும் ‘இர்னன்’ என்றே காணப்படுகிறது. ரகரமும் உயிரும் இடம் மாறிக்கொண்டன. தசையைச் சதை ஆக்கி, சிவிறியை விசிறி ஆக்கி, மதுரையை மருதை என்றும் சொல்லிப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை. பறவையைக் குறிக்கும் ‘பேர்ட்’ முன்பு ‘பிரிட்’. குதிரையைக் குறிக்கும் ‘ஹார்ஸ்’ அதற்கும் முன்னால் ‘ஹ்ராஸ்’.

இந்த இர்னனுக்குப் பக்கத்திலேயே ‘ஏர்னன்’ என்று இன்னொரு சொல். ஓடச் செய், குதிரையைச் செலுத்து என்று பொருள். ஓடு என்பதற்கு ஓட்டு எப்படியோ, இர்னனுக்கு ஏர்னன் அப்படி. நாம் மெய்யை இரட்டித்துப் பிறவினை ஆக்குகிறோம்; ஜெர்மானியக் குடும்பத்து மொழிகள் உள்ளிருக்கும் உயிரை மாற்றி அதைச் செய்தன. அந்த முறையின் மிச்சங்கள் இன்றைய ஆங்கிலத்திலும் கிடக்கின்றன. விழுவதற்கு ‘ஃபால்’, மரத்தை வெட்டி வீழ்த்துவதற்கு ‘ஃபெல்’. எழுவதற்கு ‘ரைஸ்’, எழுப்புவதற்கு ‘ரெய்ஸ்’. உட்காருவதற்கு ‘சிட்’, உட்கார வைப்பதற்கு ‘செட்’. பட்டத்தை இழந்த பழைய ‘செட்’ பிறப்பால் ஒரு பிறவினைதான்.

ஒன்பதாம் நூற்றாண்டில் டென்மார்க், நார்வே பக்கமிருந்து வந்த வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவர்கள் நாவில் ‘ரென்னா’ என்ற உறவுச் சொல் இருந்தது. உள்ளூர்ச் சொல்லும் வந்த சொல்லும் சந்தையிலும் வயலிலும் கலந்தன. சில நூற்றாண்டுகளில் தன்வினை எது, பிறவினை எது என்ற வேறுபாடு கரைந்துபோய், இரண்டுக்கும் ஒரே வடிவம் மிஞ்சியது. அதுவே இன்றைய ‘ரன்’.

ஜெர்மன் மொழி இந்த இரண்டையும் கலக்கவிடவில்லை. அங்கே நீர் கசிந்து ஓடினால் ‘ரின்னன்’, ஆள் விழுந்தடித்து ஓடினால் ‘ரென்னன்’. பின்னது முன்னதன் பிறவினையாகப் பிறந்து பிறகு தானே ஓடத் தொடங்கியது என்பது வேறு வேடிக்கை. ஆங்கிலமோ ஓடுவதையும் ஓட்டுவதையும் ஒரே சொல்லில் ஏற்றிவிட்டது. அதனால் மனிதனும் ரன், அவன் நடத்தும் கடையும் ரன், அந்தக் கடைக்கு வரும் பேருந்தும் ரன், அந்தப் பேருந்தை விடும் கம்பெனியும் ரன். ஒவ்வொரு பொருளும் இரண்டாகப் பெருகியது.

நீரோட்டப் பொருளின் பழமை எதிர்பாராத ஓரிடத்தில் தெரிகிறது. பாலாடைக்கட்டி செய்பவர்கள் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ஒரு நொதியை வெதுவெதுப்பான பாலில் சில துளிகள் விடுவார்கள். சிறிது நேரத்தில் பால் கெட்டிப்பட்டுவிடும். கத்தியால் கீறினால் வெட்டிய இடம் பளபளவென்று நிற்கும், ஓரத்தில் பச்சை கலந்த மஞ்சள் நீர் பிரியும். அந்த நொதிக்கு ‘ரென்னெட்’ என்று பெயர். பால் ஒன்றாக ஓடிச் சேர்வதால் அந்தப் பெயர், ரன்னின் உடன்பிறப்பு. ஜெர்மனிலும் ‘கெரின்னன்’ என்றால் உறைதல், பாலுக்கும் அதுதான், இரத்தத்துக்கும் அதுதான். ஓட்டத்துக்கான வேரிலிருந்தே ஓட்டம் நின்றுபோவதற்கும் பெயர் கிடைத்திருக்கிறது.

மற்றவை இவ்வளவு ஆழமில்லை, ஆனால் சுவையானவை. காலுறையில் இழை விட்டுக் கோடாக இறங்கினால் அமெரிக்கப் பெண்ணுக்கு அது ‘ரன்’. பிரிட்டிஷ் பெண்ணுக்கு ஏணி. தேர்தலில் அமெரிக்க வேட்பாளர் ஓடுகிறார், பிரிட்டிஷ் வேட்பாளர் நிற்கிறார். நம் ஊரிலும் நிற்பதுதான். ஓடுவதெல்லாம் சீட்டுக் கேட்கும்போது முடிந்துவிடும்.

வங்கியின் வாசலில் எல்லாரும் ஒரே நேரத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டு முண்டுவதும் ‘ரன்’ தான். 1797 பிப்ரவரியில் வேல்ஸின் ஃபிஷ்கார்டு பக்கம் பிரெஞ்சுப் படை ஒன்று கரையிறங்கியது. படை உடனே சரணடைந்தது, பயம் சரணடையவில்லை. காகித நோட்டைக் கொடுத்துத் தங்கம் கேட்டு மக்கள் மொய்க்க, இங்கிலாந்து வங்கி தங்கம் தருவதையே நிறுத்தியது. திரும்பத் தரத் தொடங்கியது 1821இல்.

கிரிக்கெட் ரன்னுக்கு முதலில் அந்தப் பெயர் வழங்கவில்லை. கணக்கு வைப்பவர் ஒரு குச்சியில் ஒவ்வொன்றாகக் கீறிக்கொண்டு வந்தார், அதனால் அதற்கு ‘நாட்ச்’, அதாவது கீறல், என்று பெயர். பிறகுதான் ரன் நிலைத்தது. இன்று பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால், மட்டையாளர் ஓர் அடி எடுத்து வைக்காமலே நான்கு ரன். இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் அதையும் விடாமல் ‘ஓட்டங்கள்’ என்று எழுதுகின்றன. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் ரன்னோடு நிறுத்திக்கொண்டன.

ரன்னின் பொருளையே தரும் வேறு சொற்கள் ஆங்கிலத்தில் இல்லாமலா? பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852இல் வெளியிட்ட சொற்களஞ்சியத்தைத் திறந்தால் வரிசையாக வரும். ஆனால் அவை ஒவ்வொன்றும் ஓடும் விதத்தைச் சுமக்கின்றன. ‘போல்ட்’ என்றால் வில்லிலிருந்து விடுபட்ட அம்பைப் போல வெருண்டு ஓடுவது. ‘காலப்’ நாலு கால் பாய்ச்சல். ‘ஃப்ளீ’யில் பின்னால் துரத்துபவன் இருக்கிறான். லத்தீனில் ஓடுதலைக் குறிக்கும் ‘குர்ரெரே’ தந்த சொற்களோ ஓட்டத்தையே மறந்துவிட்டன. கூரியர், காரிடார், கரன்சி, கர்சர் எல்லாம் அதன் பிள்ளைகள். மாணவர்களை உட்கார வைத்து நடத்தும் பாடத்திட்டத்துக்கு ஆங்கிலத்தில் ‘கரிக்குலம்’; லத்தீனில் அது பந்தய ஓட்டம். ரன் மட்டும் எந்த விதத்தையும் சுமக்காமல் வெறுங்கையோடு நின்றது. அதனால்தான் எவரும் எதையும் அதன் கையில் கொடுக்க முடிந்தது. நிர்வாகம், கடத்தல், காய்ச்சல், கணினி என்று கொடுத்துக்கொண்டே போனார்கள். 1964இல் டார்ட்மத் கல்லூரியில் பேசிக் மொழியை உருவாக்கியபோது நிரலை இயக்கும் கட்டளையாக வைத்ததும் இந்த மூன்றெழுத்தைத்தான்.

அந்தக் கட்டளை வழியாகச் சொல் நம் அலுவலகங்களுக்கும் வந்தது. மோட்டார் பட்டறைக்கு வேறு வழியில் அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். இங்கே யாரும் வெறும் ரன்னை அப்படியே வினையாகப் புழங்குவதில்லை. “கோடு ரன் ஆகுதா?” என்று ஒருவர் கேட்கிறார். “இன்னொரு வாட்டி ரன் பண்ணிப் பாருங்க” என்கிறார் பக்கத்து மேசைக்காரர். ஆங்கிலம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு கரைத்துவிட்ட தன்வினை பிறவினைக் கோட்டை, ஆகுவும் பண்ணுவும் சேர்த்து அந்த இருவரும் போகிறபோக்கில் திரும்பப் போட்டுவிடுகிறார்கள்.