பசுமைப் பட்டை இயக்கம்

பசுமைப் பட்டை இயக்கம் என்பது கிழக்கு ஆப்பிரிக்க நாடான கென்யாவில் இயங்கி வரும் ஓர் அரசு சார்பற்ற அமைப்பு ஆகும். 1977 ஆம் ஆண்டில் பேராசிரியர் வங்காரி மாத்தாய் இதனைத் தொடங்கினார். நாட்டுப்புறப் பெண்களைக் குழுக்களாக ஒன்றிணைத்து, அவர்களைக் கொண்டே நாற்றங்கால்கள் அமைத்து மரம் நடுவது இதன் முதன்மைப் பணியாகும். மண் வளம், நீர்வளம் ஆகியவற்றைக் காத்தல், பெண்களின் வருவாயை உயர்த்துதல், பொது நிலங்களைப் பாதுகாத்தல் ஆகியனவும் இதன் நோக்கங்களுள் அடங்கும். தொடங்கிய நாள் முதல் 5.1 கோடிக்கும் மேற்பட்ட மரங்களை நட்டுள்ளதாக இவ்வமைப்பு தெரிவிக்கின்றது. இப்பணிகளுக்காக வங்காரி மாத்தாய்க்கு 2004 ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பின்னணி

கென்யாவின் நடுவண் மேட்டு நிலங்கள் வளமான மண்ணும் நல்ல மழையும் கொண்டவை. பிரித்தானியக் குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இப்பகுதியின் இயற்கைக் காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. அவ்விடங்களில் தேயிலை, காப்பி போன்ற பணப்பயிர்களும், பைன், தைல மரம், சீகை மரம் போன்ற அயல் மரங்களும் வளர்க்கப்பட்டன. இவ்வகை மரங்கள் விரைவில் வளர்ந்து வெட்டு மரமாகப் பயன்படுமாயினும், பல்வகை மரஞ்செடிகள் செறிந்த இயற்கைக் காட்டைப் போல நீரைத் தேக்கி வைப்பதில்லை. 1963 இல் நாடு விடுதலை பெற்ற பின்னரும் இந்நிலை மாறவில்லை. சிறு உழவர்களும் உணவுப் பயிர்களைக் குறைத்துக்கொண்டு பணப்பயிருக்கு மாறினர்.

இதன் விளைவுகளை முதலில் உணர்ந்தவர்கள் பெண்கள். கென்ய ஊர்ப்புறங்களில் விறகு சேர்த்தல், நீர் எடுத்தல், உணவு சமைத்தல் ஆகியவை பெண்களின் வேலைகளாகும். அருகில் கிடைத்த விறகுக்கு அவர்கள் வெகு தொலைவு நடக்க வேண்டியதாயிற்று. விறகு குறைந்ததால், நெடுநேரம் வேக வைக்க வேண்டிய சத்தான உணவுகளும் குறைந்தன. ஓடைகள் வற்றின, மழைக்காலத்தில் ஆறுகள் மேல்மண்ணைச் சுமந்து செந்நிறமாக ஓடின. 1970களின் நடுப்பகுதியில் கென்யத் தேசிய பெண்கள் மன்றத்தின் கூட்டங்களில் ஊர்ப்புறப் பெண்கள் இக்குறைகளை எடுத்துரைத்தனர். விறகு, தூய நீர், சத்துணவு, வருவாய் ஆகிய நான்கு தேவைகளும் நிலத்தின் சீரழிவோடு தொடர்புடையவை என்று அம்மன்றத்தில் பணியாற்றிய வங்காரி மாத்தாய் கண்டார். மரம் நடுவது இவை அனைத்துக்கும் பொதுவான ஒரு தொடக்கமாக அமையும் என அவர் கருதினார்.

நிறுவனர்

வங்காரி மாத்தாய் ஏப்ரல் 1, 1940 இல் நியேரி மாவட்டத்தின் இகிதே என்னும் சிற்றூரில், கிகுயு இன உழவர் குடும்பத்தில் பிறந்தார். உதவித்தொகை பெற்று ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்று உயிரியல் பயின்றார். 1971 இல் நைரோபியில் முனைவர் பட்டம் பெற்றார். கிழக்கு, நடு ஆப்பிரிக்கப் பகுதியில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் இவரே. பின்னர் நைரோபிப் பல்கலைக்கழகத்தில் கால்நடை உடற்கூற்றியல் துறையின் தலைவராகப் பணியாற்றினார்.

1974 இல் வேலையற்றோரைக் கொண்டு மரம் நடும் என்விரோகேர் என்னும் சிறு நிறுவனத்தை அவர் தொடங்கினார். போதிய பணம் இல்லாமையால் அம்முயற்சி நிலைக்கவில்லை. எனினும் அதே எண்ணம் பெண்கள் மன்றத்தின் திட்டமாக மீண்டும் உருப்பெற்றது.

தொடக்கம்

ஜூன் 5, 1977 அன்று உலகச் சுற்றுச்சூழல் நாளையொட்டி நைரோபியின் கமுகுஞ்சி பூங்காவில் ஏழு மரக்கன்றுகள் நடப்பட்டன. ஒவ்வொரு கன்றும் கென்ய வரலாற்றில் இடம்பெற்ற ஒரு சமூகத் தலைவரின் நினைவாக நடப்பட்டது. இந்நிகழ்வுக்கு "நிலம் காக்கும் ஹரம்பே" எனப் பெயரிடப்பட்டது. ஹரம்பே என்பது "அனைவரும் சேர்ந்து இழுப்போம்" என்னும் பொருள் தரும் சொல். கென்யாவின் அரசுச் சின்னத்திலும் இது பொறிக்கப்பட்டுள்ளது. ஊரார் ஒன்றுகூடிப் பள்ளி, மருத்துவமனை போன்றவற்றைக் கட்டிக்கொள்ளும் கூட்டுழைப்பு மரபையும் இச்சொல் குறிக்கும்.

தொடக்கத்தில் நாட்டின் மக்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மரம் என்ற கணக்கில் 1.5 கோடி மரங்கள் நடுவது இலக்காகக் கொள்ளப்பட்டது. அரசின் வனத்துறை கன்றுகளை இலவசமாகத் தர முன்வந்தது. ஆனால் எதிர்பார்த்ததை விட மிகுதியான கன்றுகள் கேட்கப்பட்டதால் அத்துறையால் தொடர்ந்து இலவசமாக வழங்க இயலவில்லை. எனவே பெண்களே விதைகளைச் சேகரித்து நாற்றங்கால்களை உருவாக்கத் தொடங்கினர். பயிற்சியாக வந்த வனத்துறையினரின் விளக்கங்கள் தொழில்நுட்பச் சொற்கள் மலிந்து கடினமாக இருந்தன. பெண்கள் தாம் அவரையும் சோளமும் விதைக்கும் அறிவைக் கொண்டே மர விதைகளையும் முளைக்க வைத்தனர். உடைந்த பானைகளும் பழைய தகரக் குவளைகளும் நாற்றுத் தொட்டிகளாயின. இவர்களைப் "பட்டயம் பெறாத வனவியலாளர்கள்" என்று வங்காரி மாத்தாய் அழைத்தார்.

ஒரு வரிசையில் குறைந்தது ஆயிரம் கன்றுகளையாவது நடுமாறு ஊர்கள் ஊக்குவிக்கப்பட்டன. நிலத்துக்குப் பச்சை இடைப்பட்டை அணிவித்தது போன்று இவ்வரிசைகள் அமைந்தமையால் இயக்கத்துக்கு இப்பெயர் ஏற்பட்டது.

செயல்முறை

இவ்வியக்கம் பத்துப் படிகள் கொண்ட ஒரு நடைமுறையைப் பின்பற்றியது. அதன் முக்கியக் கூறுகள் வருமாறு:

- ஊர் மக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்திக் குழு அமைத்தல். பெரும்பாலான குழுக்கள் பெண்களால் ஆனவை.
- நாற்றங்காலுக்கு நீர்வசதி உள்ள இடத்தைத் தேர்ந்து, தலைமையகத்தில் பதிவு செய்தல்.
- அப்பகுதிக்குரிய மரங்களின் விதைகளைச் சேகரித்து நாற்று வளர்த்தல்.
- கன்று பெற விரும்புவோர் முன்னதாகவே குழி தோண்டி வைத்தல். குழிகளைக் குழுவினர் பார்வையிட்ட பின்னரே கன்றுகளை இலவசமாக வழங்குதல்.
- நட்ட கன்றுகள் பிழைத்துள்ளனவா எனச் சில மாதங்கள் வரை சென்று பார்த்தல்.
- பிழைத்த கன்றுகளைக் கணக்கிட்டுக் குழுவுக்கு ஊக்கத்தொகை வழங்குதல்.

தொடக்கத்தில் பிழைத்த கன்று ஒன்றுக்கு 4 அமெரிக்க சென்ட் அளவிலான தொகை வழங்கப்பட்டது. தொகை சிறிதாயினும், பலருக்கு இதுவே தம் கையில் நேரடியாகக் கிடைத்த பணமாக இருந்தது. வளர்த்த நாற்றுகளுக்கோ நட்ட கன்றுகளுக்கோ பணம் தரப்படவில்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது. மரம் நடும் திட்டங்கள் பலவற்றில் நடும் நாளோடு ஆர்வம் முடிந்துவிடுகின்றது. நீரின்றியும் ஆடு மாடுகள் மேய்ந்தும் கன்றுகள் மடிகின்றன. பிழைத்தலையே அளவுகோலாகக் கொண்டதால், நடுவதற்கு நிகராகப் பராமரிப்பும் குழுவின் பொறுப்பாயிற்று.

கல்விப் பணி

மரம் நடுவதோடு ஊர்க் கருத்தரங்குகளும் நடத்தப்பட்டன. தம் ஊரின் சிக்கல்களை மக்களே பட்டியலிடுவது இக்கருத்தரங்குகளின் முதல் வேலையாகும். அடுத்து ஒவ்வொரு சிக்கலுக்கும் காரணம் எது என்று வினவப்படும். தொடக்கத்தில் எல்லாவற்றுக்கும் அரசே காரணம் என்ற விடையே பெரும்பாலும் வரும். அரசின் பங்கை மறுக்காமலே, தம் நிலத்தில் மண்ணரிப்பைத் தடுக்காதது, மரங்களை வெட்டியது போன்ற தம் பங்கையும் மக்கள் உணரச் செய்வது கருத்தரங்கின் நோக்கமாகும்.

இதனை விளக்க வங்காரி மாத்தாய் "தவறான பேருந்து" என்னும் உவமையைக் கையாண்டார். தவறான பேருந்தில் ஏறிய பயணி தான் செல்ல நினைத்த ஊரை அடைய மாட்டார். வழியில் பல துன்பங்களுக்கும் ஆளாவார். எந்தப் பேருந்து எனக் கேளாமை, பிறர் தவறாகச் சொன்னமை, அச்சம் எனத் தவறுக்குக் காரணங்கள் பலவாகலாம். ஆயினும் இறங்கி மாறிச் செல்வது பயணியின் கையில் உள்ளது என்பதே இவ்வுவமையின் கருத்து.

விரிவாக்கமும் நிதியும்

1980களின் தொடக்கத்தில் ஐக்கிய நாடுகள் அவையின் பெண்களுக்கான தன்னார்வ நிதியமும் நோர்வே வனவியல் கழகமும் நிதியுதவி அளித்தன. இதன் பின்னர் நாற்றங்கால்களின் எண்ணிக்கை விரைந்து பெருகியது. 1986 இல் அனைத்து ஆப்பிரிக்கப் பசுமைப் பட்டை வலையமைப்பு ஏற்படுத்தப்பட்டு, பிற ஆப்பிரிக்க நாட்டினருக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. 1987 இல் இயக்கம் பெண்கள் மன்றத்திலிருந்து பிரிந்து தனி அமைப்பாயிற்று.

பொது நிலங்களுக்கான போராட்டங்கள்

உகுரு பூங்கா

உகுரு என்பது சுவாகிலி மொழியில் விடுதலை எனப் பொருள்படும். நைரோபி நகரின் நடுவே அமைந்த இப்பூங்காவில் 60 மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்ப 1989 இல் திட்டமிடப்பட்டது. ஆளுங்கட்சி சார்ந்த செய்தித்தாள் நிறுவனத்துக்கான இக்கட்டடத்தை எதிர்த்து வங்காரி மாத்தாய் அரசுக்கும் வெளிநாட்டு முதலீட்டாளருக்கும் கடிதங்கள் எழுதினார், நீதிமன்றத்தையும் நாடினார். வழக்குத் தொடர அவருக்குத் தகுதியில்லை எனக் கூறி நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. நாடாளுமன்றத்தில் இயக்கம் கடுமையாகச் சாடப்பட்டது. இயக்கத்தின் அலுவலகத்தைக் காலி செய்ய அரசு ஆணையிட்டதால், அது வங்காரி மாத்தாயின் சிறிய வீட்டுக்கு மாற்றப்பட்டது. எனினும் முதலீட்டாளர்கள் பின்வாங்கினர். கட்டடத் திட்டம் கைவிடப்பட்டது.

தனிப்பட்ட முறையில் பாதிக்கப்படாத குடிமகனும் சுற்றுச்சூழலுக்காக வழக்குத் தொடரும் உரிமை பின்னர் 1999 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டத்திலும், 2010 ஆம் ஆண்டின் கென்ய அரசியலமைப்பிலும் இடம்பெற்றது.

அன்னையர் உண்ணாநிலை

1992 பிப்ரவரி இறுதியில் அரசியல் கைதிகளின் அன்னையர் அதே உகுரு பூங்காவில் உண்ணாநிலைப் போராட்டம் தொடங்கினர். வங்காரி மாத்தாய் அவர்களோடு இணைந்தார். மார்ச் 3 அன்று காவல்துறையினர் நடத்திய தாக்குதலில் அவர் நினைவிழந்தார். அன்னையர் அருகிலுள்ள தேவாலயம் ஒன்றில் தங்கிப் போராட்டத்தைத் தொடர்ந்தனர். கைதிகளுள் பெரும்பாலோர் 1993 இன் தொடக்கத்தில் விடுதலை செய்யப்பட்டனர். பூங்காவின் அப்பகுதி "விடுதலை முனை" என அழைக்கப்படுகின்றது.

கருரா காடு

நைரோபியின் வடக்கே சுமார் 1,000 எக்டேர் பரப்பில் கருரா காடு அமைந்துள்ளது. 1998 இல் இக்காட்டின் பகுதிகள் கட்டடம் எழுப்பத் தனியாருக்கு ஒதுக்கப்பட்டமை தெரிய வந்தது. இயக்கத்தினர் அங்கு சென்று கன்றுகளை நட்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். ஜனவரி 8, 1999 அன்று கன்று நடச் சென்றவர்களைக் கூலியாட்கள் தாக்கினர். வங்காரி மாத்தாய்க்குத் தலையில் காயம் ஏற்பட்டது. மாணவர்களும் போராட்டத்தில் இறங்கினர். ஆகஸ்ட் 16, 1999 அன்று பொது நிலங்களை ஒதுக்குவதற்குத் தடை விதிப்பதாகக் குடியரசுத் தலைவர் டேனியல் அராப் மோய் அறிவித்தார். இன்று கருரா காடு மக்கள் நடைப்பயிற்சிக்கும் மிதிவண்டி ஓட்டவும் வந்து செல்லும் பொதுக் காடாக விளங்குகின்றது.

விருதுகள்

- 1984: சரியான வாழ்வாதார விருது
- 1991: கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது
- 2004: அமைதிக்கான நோபல் பரிசு
- 2006: இந்திரா காந்தி நினைவு அறக்கட்டளையின் இந்திரா காந்தி பரிசு

அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண் வங்காரி மாத்தாய் ஆவார். நீடித்த வளர்ச்சி, மக்களாட்சி, அமைதி ஆகியவற்றுக்கு ஆற்றிய பங்களிப்புக்காக இப்பரிசு வழங்கப்பட்டது. மரம் நடுதலுக்கும் அமைதிக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி அப்போது எழுந்தது. நிலம், நீர், காடு ஆகியன குறையும்போது அவற்றுக்காக மக்கள் மோதிக்கொள்கின்றனர். அவற்றைப் பேணிப் பகிர்ந்துகொள்வது மோதலைத் தவிர்க்கும் வழி என்பதே இயக்கத்தின் விடையாகும். பரிசுச் செய்தி கிடைத்த அன்று அவர் நியேரியில் நந்தி பிளேம் எனப்படும் மரத்தின் கன்று ஒன்றை நட்டார். தமிழ்நாட்டுச் சாலையோரங்களிலும் காணப்படும் ஆப்பிரிக்கத் துலிப் மரம் இதுவேயாகும்.

பிற்காலப் பணிகள்

2002 ஆம் ஆண்டுத் தேர்தலில் டெட்டு தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட வங்காரி மாத்தாய், 2003 முதல் 2005 வரை சுற்றுச்சூழல் துணை அமைச்சராகப் பணியாற்றினார். 2006 இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் தொடங்கிய நூறு கோடி மரங்கள் இயக்கத்தின் புரவலர்களுள் ஒருவராகவும் இருந்தார். அவ்விலக்கு 2007 இலேயே எட்டப்பட்டது.

செப்டம்பர் 25, 2011 அன்று நைரோபியில் அவர் புற்றுநோயால் காலமானார். தமக்காக மரம் வெட்டிச் சவப்பெட்டி செய்யலாகாது என்பது அவர் விருப்பம். அதன்படி மூங்கில், ஆகாயத்தாமரை, பாப்பிரசு நாணல் ஆகியவற்றால் செய்த பெட்டியில் அவரது உடல் வைக்கப்பட்டு, பின்னர் எரியூட்டப்பட்டது. ஆப்பிரிக்க ஒன்றியம் மார்ச் 3 ஆம் நாளை ஆப்பிரிக்கச் சுற்றுச்சூழல் நாளாகவும் வங்காரி மாத்தாய் நாளாகவும் கடைப்பிடிக்கின்றது.

மதிப்பீடு

இயக்கம் குறிப்பிடும் 5.1 கோடி என்பது நடப்பட்ட மரங்களின் எண்ணிக்கையாகும். இன்று உயிருடன் நிற்கும் மரங்களின் எண்ணிக்கை அன்று. வெளிநாட்டு நன்கொடைகளைப் பெரிதும் சார்ந்திருப்பதும், ஊக்கத்தொகையால் நடைபெறும் பணி தொகை நின்ற பின் தொடருமா என்பதும் இத்தகைய அமைப்புகள் எதிர்கொள்ளும் கேள்விகளாகும். மறுபுறம், நட்டவரே மரத்தின் பயனைப் பெறும்போது பராமரிப்பு தொடர்கின்றது. விறகு, தீவனம், வேலிக் கம்பு, பழம், நிழல் எனப் பயன்கள் அவரவர் நிலத்திலேயே கிடைக்கின்றன. பணமும் பட்டமும் இல்லாத மக்கள் தம் அறிவையும் உழைப்பையும் கொண்டே சுற்றுச்சூழலைச் சீர்செய்ய இயலும் என்பதற்கு இவ்வியக்கம் எடுத்துக்காட்டாகக் கருதப்படுகின்றது.

இவற்றையும் பார்க்க

- வங்காரி மாத்தாய்
- சிப்கோ இயக்கம்
- சமூகக் காடு வளர்ப்பு
- உலகச் சுற்றுச்சூழல் நாள்