சால்மன் பெற்ற ட்ரவுட்

ஜப்பானின் தாசவா ஏரியில் மட்டுமே வாழ்ந்த மீன் குனிமசு. 1940-ல் மின் உற்பத்திக்காக அமிலம் மிகுந்த ஆற்று நீரை அந்த ஏரிக்குள் திருப்பினார்கள். மீன் அழிந்தது. நல்லவேளையாக, 1935-ல் அதன் முட்டைகள் சாய்கோ ஏரிக்கு அனுப்பப்பட்டிருந்தன. அவற்றின் வாரிசுகள் 2010-ல் அங்கே கண்டுபிடிக்கப்பட்டன. எல்லா மீனுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்குமா?

அழியும் முன்பே உறைய வைத்துச் சேமிக்கலாமே என்றால், அதில் ஒரு சிக்கல். விந்தணு உறைநிலையைத் தாங்கும். மஞ்சள் கரு நிறைந்த பெரிய மீன் முட்டை தாங்காது.

இதற்கு வழி கண்டது டோக்கியோவில் கோரோ யோஷிசாகியின் குழு. வானவில் ட்ரவுட்டின் இனச்செல்களை, அப்போதுதான் பொரித்த மசு சால்மன் குஞ்சுகளின் வயிற்றில் ஊசியால் செலுத்தினார்கள். அந்த வயதில் குஞ்சின் உடலுக்கு அந்நியச் செல்லை விரட்டத் தெரியாது. செல்கள் தாமே நகர்ந்து இனப்பெருக்க உறுப்பைச் சேர்ந்தன. 2004-ல் சால்மனின் விந்திலிருந்து ட்ரவுட் பிறந்தது! ஆனால் சால்மனின் சொந்த விந்தும் கலந்திருந்ததால் மிகச் சிலவே கிடைத்தன.

2007-ல் மலட்டு சால்மன்களைப் பயன்படுத்தினார்கள். இப்போது பிறந்தவை அத்தனையும் ட்ரவுட்.

ஆண் மீனின் விரைச் செல், பெண் குஞ்சுக்குள் போனால் முட்டையாகவே வளரும் என்பது 2006-லேயே தெரிந்திருந்தது. 2013-ல் உறைய வைத்த விரையிலிருந்தே விந்து, முட்டை இரண்டையும் பெற்றார்கள். முட்டையைச் சேமிக்கும் கவலை தீர்ந்தது.

ஆனால் உறைபெட்டி இனத்தைத்தான் காக்கும், ஏரியைக் காக்காது. குனிமசு பிழைத்துவிட்டது, சொந்த ஏரிக்குத்தான் இன்னும் திரும்ப முடியவில்லை.