இரண்டாவது தோட்டா

எங்கள் டீமில் ஒருவர் மிச்சிகனிலிருந்து வேலை செய்கிறார். நவம்பர் 15 வந்தால் ஆளைப் பிடிக்க முடியாது. துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகும் பருவம் அங்கே அன்றுதான் திறக்கும், அது ஞாயிறானாலும் செவ்வாயானாலும். தீபாவளி வாரத்தில் நாம் ரிலீஸ் வைக்காத மாதிரி, அவருக்காக அந்த வாரமும் வைப்பதில்லை. ஒருமுறை மீட்டிங் தொடங்கக் காத்திருந்தபோது, தாத்தா அவருக்கு விட்டுப்போன செமி ஆட்டோமேட்டிக் ரைபிளைப் பற்றிச் சொன்னார். முப்பது வருடத்தில் ஒருநாளும் சிக்கியதில்லையாம். எனக்கு எஞ்சினியர் புத்தி. "வருஷத்துக்கு எத்தனை தோட்டா சுடுவீங்க?" என்று கேட்டேன். "குறி சரிபார்க்க மூணு, மானுக்கு ஒண்ணோ ரெண்டோ" என்றார்.

ஆக, முப்பது வருடத்தில் நூற்றைம்பது. நூற்றைம்பது ரிக்வெஸ்ட் மட்டும் வந்த சர்வரைக் காட்டி, "இது விழுந்ததே இல்லை" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வோமா? அன்று சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். கேள்வி என்னை விடவில்லை.

செமி ஆட்டோமேட்டிக் என்றால் இயந்திரத் துப்பாக்கி இல்லை. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டாதான் போகும். காலி உறையை வெளியே எறிந்து அடுத்ததை ஏற்றும் வேலையை மட்டும், கைக்குப் பதிலாக வெடிப்பின் சக்தி செய்கிறது. போல்ட் ரைபிளில் அதைக் கை செய்யும். உறை ஒட்டிக்கொண்டால் கை இன்னும் கொஞ்சம் பலமாக இழுக்கும். இயந்திரத்திடம் அந்த 'இன்னும் கொஞ்சம்' கிடையாது. அதற்கு அளந்து கொடுத்தது அவ்வளவுதான். தோட்டா அறையில் துரு, கொஞ்சம் பலம் குறைந்த மருந்து, குளிரில் கெட்டிப்பட்ட எண்ணெய், எது வந்தாலும் அந்த அளவுக்குள்தான் சமாளிக்க வேண்டும்.

பழைய வேட்டைக்காரர்கள் இதற்குக் கண்டுபிடித்த பதில் இரட்டைக்குழல் ரைபிள். இரண்டு குழல், இரண்டு விசை, இரண்டு தனித்தனிப் பொறி. ஒரே கட்டையில் இரண்டு துப்பாக்கி என்றே சொல்லலாம். ஒன்று கைவிட்டால் மற்றது இருக்கும். நாங்கள் டேட்டா சென்டரில் செய்வதும் இதைத்தான். 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைத் தேடிப்போன ஜிம் கார்பெட்டின் கையில் இருந்தது அப்படிப்பட்ட ரைபிள். கொண்டுபோனது மூன்றே தோட்டா. கடைசியில் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிச் சுட வேண்டியிருந்தது. இரட்டைக்குழல் ரைபிள் ராஜாக்களுக்கும் துரைமார்களுக்குமான விலையில் இருந்தது என்பது வேறு விஷயம்.

சாதாரண ஆளுக்கு இரண்டாவது தோட்டாவைச் சீக்கிரமாகக் கொடுத்தவர் ஜான் பிரவுனிங். பெயர் தெரியாதவர்களுக்கும் அவருடைய துப்பாக்கி ஒன்று தெரிந்திருக்கும். ஓசூர் பக்கத்து ஜவளகிரிக் காடுகளில் கென்னத் ஆண்டர்சன் சுமந்து திரிந்த .405 வின்செஸ்டர், பிரவுனிங் வடிவமைத்த 1895 மாடல். கீழே இருக்கும் லீவரைக் கையால் தள்ளி இழுத்தால்தான் அடுத்த தோட்டா ஏறும்.

அந்த லீவரையும் தேவையில்லாமல் ஆக்கப் பார்த்தார் பிரவுனிங். 1902இல் தன்னுடைய தானியங்கி ஷாட்கன்னுக்கு ராயல்டி கேட்டார். அதுவரை அவருடைய வடிவமைப்புகளை மொத்தத் தொகைக்கு வாங்கிப் பழகியிருந்த வின்செஸ்டரின் பென்னட் மறுத்துவிட்டார். பிரவுனிங் ரெமிங்டனுக்குப் போனார். தலைவர் மார்செலஸ் ஹார்ட்லியைப் பார்க்க அலுவலகத்தில் காத்திருந்தபோது, அவர் மாரடைப்பில் இறந்துபோனார் என்ற செய்தி வந்தது. பிரவுனிங் அங்கிருந்து பெல்ஜியத்துக்குக் கப்பல் ஏறினார். ஆனாலும், 1900இல் காப்புரிமை பெற்ற அவருடைய தானியங்கி ரைபிளை 1906இல் சந்தைக்குக் கொண்டுவந்தது ரெமிங்டன்தான். பின்னாளில் அதற்கு மாடல் 8 என்று பெயர்.

அதன் வேலை செய்யும் முறை விநோதமானது. சுட்டவுடன் குழலும் போல்ட்டும் பூட்டிக்கொண்டு ஒன்றாகவே பின்னால் ஓடும். கடைசியில் போல்ட் நின்றுகொள்ள, குழல் மட்டும் முன்னால் திரும்பும். அந்த இடைவெளியில் உறை விழும். பிறகு போல்ட் அடுத்த தோட்டாவை இழுத்துக்கொண்டு போய் மூடும். இவ்வளவு நடமாட்டம் இருந்தால் நம்பகம் எப்படி வரும் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் கனத்த நகர்வில்தான் சக்தி மிச்சம் இருந்தது. அமெரிக்கக் காடுகளில் மான், கரடி வேட்டைக்காரர்கள் ஒரு தலைமுறைக்கு மேல் அதை வைத்துக் காலம் தள்ளினார்கள். சற்றே மாற்றிய மாடல் 81, 1950 வரை வந்தது.

பிரவுனிங்கை இழந்த வின்செஸ்டர் அவருடைய காப்புரிமையைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. தோட்டா ஏற்ற இழுக்கும் கைப்பிடிகூட அவர் காப்புரிமைக்குள் இருந்ததால், 1911இல் விட்ட ஷாட்கன்னில் குழலையே பிடித்துத் தள்ளும்படி செய்தார்கள். ஈரத்தில் ஊதிய காகிதத் தோட்டா உள்ளே சிக்கினால், சிலர் கட்டையைத் தரையில் ஊன்றி, குழல் முகத்தைப் பார்த்திருக்க, அழுத்தினார்கள். அதற்கு 'விதவையாக்கி' என்று பட்டப்பெயர் வந்தது. வக்கீலுக்குப் பயந்து எழுதிய கோடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அதன் இரும்பு வடிவம்.

போருக்குப் பின் வெடிவாயுவின் ஒரு பகுதியைத் திருப்பி போல்ட்டைத் தள்ளும் முறை வேட்டை ரைபிளுக்கும் வந்தது. ரெமிங்டன் 1955இல் மாடல் 740ஐயும், 1960இல் 742ஐயும் விட்டது. இலகுவானது, விலை கட்டுப்படியானது. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. 742இன் சிக்கல், பின்னால் ஓடும் போல்ட்டின் பற்கள், ரிசீவர் என்ற உடல் பகுதியின் உள்ளே இருக்கும் தடங்களை அடித்து அடித்துத் தழும்பாக்கிவிடுவது. தடம் கெட்டால் போல்ட் திக்கும். ரிசீவரை மாற்றுவது என்றால் துப்பாக்கியையே மாற்றுவதுதான். அதனால் பழுது பார்ப்பவர்கள் பலர் அதைத் தொடவே மாட்டார்கள். அதே சமயம் "எங்கப்பாவோடது, சிக்கினதே இல்ல" என்று சத்தியம் செய்கிறவர்களும் ஏராளம். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். நிறைய சுட்டவருக்குத் தடம் தேய்ந்தது. வருடத்துக்கு ஐந்து சுட்டவருக்குத் துப்பாக்கிக்கு முன்னால் ஆயுள் முடிந்தது.

1967இல் வந்த பிரவுனிங் பிஏஆர் (முதல் உலகப்போர் பிஏஆர் வேறு) கனத்த மேக்னம் தோட்டாக்களையும் தாங்கியது. ஐரோப்பாவில் காட்டுப்பன்றிகளை விரட்டிச் சுடும் வேட்டையில் இன்றும் அதைப் பார்க்கலாம். ஜெர்மனியில் அதில் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் போடச் சட்டம் விடாது. பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்குச் செமி ஆட்டோமேட்டிக் ரைபிளே கூடாது. இரண்டாவது தோட்டா கைவசம் இருந்தால் முதல் தோட்டாவில் அக்கறை குறையும் என்ற பழைய சந்தேகம் இந்தச் சட்டங்களில் இருப்பதாகத்தான் நான் படித்துக்கொள்கிறேன்.

போன நவம்பர் முடிந்து திரும்பியபோது நண்பர் வேட்டையைப் பற்றிப் பேசவில்லை. ஜனவரியில்தான் சொன்னார். முதல் குண்டு மானின் பின்பக்கம் பட்டிருக்கிறது. இரண்டாவதுக்கு விசையை இழுத்தால் எதுவும் நடக்கவில்லை. காலி உறை அறையிலேயே ஒட்டிக்கொண்டது. அடுத்த தோட்டா அதன் பின்னால் முட்டிக்கொண்டு நின்றது. கத்தியால் நெம்பி எடுப்பதற்குள் மான் சதுப்புக்குள் போய்விட்டது. இருட்டும் வரை டார்ச் வைத்துக்கொண்டு ரத்தத்தடம் பார்த்து நடந்திருக்கிறார். ராத்திரி பனி பெய்து தடத்தை மூடிவிட்டது. மான் கிடைக்கவில்லை.

துப்பாக்கி பழுது பார்ப்பவர் அறைக்குள் விளக்கடித்து, வளையம் வளையமாகத் துருவைக் காட்டினாராம். தாத்தா போன பிறகு இரண்டு வருடமாக யாரும் அதைத் துடைக்கவில்லை. "ஒவ்வொரு சீசன் முடிஞ்சதும் அவர் பிரஷ் போட்டுத் தேய்ப்பாராம், பாட்டி இப்பதான் சொன்னாங்க" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நூற்றைம்பது தோட்டாக் கணக்கில் இந்த பிரஷ்ஷை நானும் சேர்க்கவில்லை.

இந்த வருடம் போல்ட் ரைபிளுக்கு மாறுவாரா என்று கேட்டேன். இல்லையாம், அதேதான். அறையைச் சரிசெய்து, பிரஷ் வாங்கி, கோடை முழுக்க ரேஞ்சுக்குப் போயிருக்கிறார். "நூத்தி எண்பது சுட்டேன். ரெண்டு தடவை சிக்குச்சு. ரெண்டுமே ஒரே மேகசின்ல." நோட்டில் எழுதி வைத்திருந்தார்.