பந்துவீச்சாளர் தரவரிசை

கிரிக்கெட் பந்துவீச்சாளர்களின் திறனைப் புள்ளிகளால் அளந்து வரிசைப்படுத்தும் முறை. 1987இல் தொடங்கியது, இன்று சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) பெயரில் வெளியாகிறது.

கணக்கிடும் முறை: புள்ளிகள் 0 முதல் 1000 வரை. தரவரிசையில் உயர்ந்த மட்டையாளரை வீழ்த்தினால் கூடுதல் மதிப்பு உண்டு. பழைய ஆட்டங்களைவிட அண்மைய ஆட்டங்களுக்கு எடை அதிகம். நெடுங்காலம் ஆடாதவர் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். டெஸ்ட் போட்டிகளில் 900 புள்ளிகளைக் கடப்பது அரிது. தமிழகத்தின் ரவிச்சந்திரன் அஸ்வின் 904 வரை எட்டினார்.

பிற அளவுகோல்கள்: இதற்கு மாறாக, இந்தியன் பிரீமியர் லீக் (ஐபிஎல்) தொடரில் அதிக விக்கெட் எடுத்தவருக்கே ஊதாத் தொப்பி. எதிராளியின் தரம் அங்கே கணக்கில் வராது. வேறு விளையாட்டிலும் புள்ளி முறை உண்டு: அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக் எனப்படும் வீரரை, அவர் பந்தை எறியும் திறனைக் கொண்டு புள்ளிகளால் மதிப்பிடுகிறார்கள். அந்த மதிப்பீட்டின் உச்சம் 158.3.

சேலம் வட்டாரம்: சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த இடக்கை வேகப்பந்து வீச்சாளர் தங்கராசு நடராஜன், 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூவகைப் போட்டிகளிலும் அறிமுகமானார். ஒரே பயணத்தில் இவ்வாறு அறிமுகமான முதல் இந்தியர் அவரே. பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட் எடுத்தார். 2024 ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் ஐதராபாத் அணிக்காக 19 விக்கெட் வீழ்த்தினார். ஐசிசி தரவரிசை சர்வதேசப் போட்டிகளை மட்டுமே கருதுவதால், ஐபிஎல் விக்கெட்டுகள் அதில் சேர்வதில்லை.