கடலடி நிலநடுக்கமானி

கடற்தரையில் அமர்ந்து, அதன் கீழுள்ள பாறையின் அசைவைப் பதியும் கருவி. மிகப் பெரிய நிலநடுக்கங்களிற் பெரும்பாலானவை கடலடித் தட்டு எல்லைகளிலேயே பிறக்கின்றன. அவற்றை அளக்கும் கருவிகளோ நெடுங்காலம் கரையில்தான் இருந்தன.

அத்தகைய தரைக் கருவி ஒன்றைக் கண்டிப் பகுதி அறியும். கண்டிக்குக் கிழக்கே சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள பல்லேகலை நிலையம் 2000இல் அமைக்கப்பட்டது. கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனம் நடத்தும் உலகளாவிய வலையமைப்பைச் சேர்ந்தது அது. இலங்கையில் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் அதைப் பேணுகிறது. 2004 டிசம்பர் 26 காலை 6.58க்குச் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி பிளந்தது. ஏறத்தாழ 1,700 கி.மீ. கடந்து முதல் அலை நான்கு நிமிடங்களுக்குள் கண்டிக்கு வந்தது. பின்வந்த மேற்பரப்பு அலைகளில் இலங்கையின் தரை 9 செ.மீ.க்கு மேல் ஏறி இறங்கியது. சுனாமி கிழக்குக் கரையைத் தொட இரண்டு மணி நேரமளவு எடுத்தது. கருவி தன் வேலையைச் செய்திருந்தது. அதன் பதிவை எச்சரிக்கையாக்கிக் கரைக்குச் சொல்லும் ஏற்பாடு இந்தியப் பெருங்கடலில் அன்று எந்த நாட்டிடமும் இல்லை. முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரை இலங்கை இழந்தது.

கடலடியில் அதிர்வளக்கும் முயற்சியை 1930களின் இறுதியில் மோரிஸ் யூவிங் தொடங்கினார். அதற்குப் பணம் கொட்டியது அணுகுண்டுப் போட்டிதான்: நிலத்தடிச் சோதனைகளை ஒட்டுக்கேட்க 1960களில் அமெரிக்கா கடலடிக் கருவிகளை நாடியது. ஸ்கிரிப்ஸில் ஹியூ பிராட்னர் அவற்றை வடிவமைத்தார். 1966இல் லாமன்ட் ஆய்வகம் கலிபோர்னியக் கரைக்கு அப்பால் கம்பிவடத்துடன் இறக்கிய கருவி பல ஆண்டுகள் இயங்கியது.

வடிவமைப்பின் சிக்கல் ஒரே உடலில் இரு குணம் கேட்பது. 5,000 மீற்றர் ஆழத்தில் ஏறத்தாழ 500 வளிமண்டல அழுத்தம். அதைத் தாங்கத் தடித்த கண்ணாடிக் கோளமோ தைத்தானியப் பெட்டியோ தேவை. கப்பலிலிருந்து தானாக விழுந்து தரையில் மோதும் அந்தப் பெட்டிக்குள், மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கிலும் சிறிய அசைவை உணரும் உறுப்பு இருக்கிறது. சேறு சரிவாக இருந்தால் அதைத் தானே மட்டப்படுத்தும் பொறியும் வேண்டும். நுட்பமான கருவிகளில் உட்திணிவை மின்காந்த விசை நகரவிடாமல் பிடித்துவைக்கும்; பிடிக்கத் தேவைப்படும் மின்னோட்டமே நிலத்தின் அசைவுக்கு அளவு. ஆனால் கடலடி நீரோட்டம் பெட்டியைச் சற்றே சாய்த்தாலும் அந்தக் கணக்கு கெடும். ஆகவே உணரியைப் பெட்டியிலிருந்து பிரித்துத் தாழ வைக்கிறார்கள், இயன்றால் சேற்றில் புதைக்கிறார்கள்.

நேரம் சொல்லும் ஜி.பி.எஸ். சமிக்ஞை நீருக்கடியில் எட்டாது. கடிகாரம் நாளுக்கு ஒரு மில்லிசெக்கன் பிசகினாலும், ஓராண்டில் நிலநடுக்க மையத்தைக் கணிப்பது தடுமாறும். மீட்கும் நாளில் கப்பலிலிருந்து ஒலிச் சமிக்ஞை போகும். மின்சாரம் பாய்ந்த கம்பியை உப்புநீர் அரிக்க, நங்கூரம் கழன்று கருவி மேலெழும். எழாமலே போனவையும் உண்டு. அவற்றோடு பதிவும் போய்விடும்.

மீட்டபின்தான் வாசிக்கலாம் என்பதால் இவை ஆய்வுக்கு உதவும், எச்சரிக்கைக்கு உதவா. அதனால் ஜப்பான் 1970களின் இறுதியிலேயே கம்பிவடத்தில் கருவிகளைக் கோத்தது. 2011 நிலநடுக்க, சுனாமிப் பேரழிவின் பின் 150 நிலையங்களை 5,000 கி.மீ.க்கு மேற்பட்ட வடத்தால் இணைத்தது. எம் கடலில், கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் 2013-14இல் அந்தமான் பகுதியில் மீட்கக்கூடிய கருவிகளை இறக்கியது. 2007இல் ஐதராபாத்தில் தொடங்கிய சுனாமி எச்சரிக்கை மையம் கடலடி அழுத்தமானிகளையும் கரை நிலநடுக்கமானிகளையும் நம்பியிருக்கிறது. பல்லேகலை, ஹக்மன, மகாகனதராவ முதலிய இலங்கை நிலையங்களும் தரைமேல் இருப்பவையே. கடலில் பிறக்கும் அதிர்வை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கேட்டு மையத்தைக் கணிப்பது கடினம்; தீவின் தென்கிழக்கு ஆழ்கடலில் கருவிகள் அமர்ந்தால்தான் அது சீராகும்.