ஏட்டுப்படியும் கைப்பேசிப் படமும்

தலைநகரில் வாழும் நம்மவர் எவரேனும் இன்று ஒரு பல்கலைக்கழக நூலகத்துள் நுழைவாராயின், ஒரு காட்சியைக் காணாமல் திரும்பார். மாணவர் நூலை விரித்து வைத்து, அதன்மேல் கைப்பேசியை ஏந்திப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக் கொண்டிருப்பர். தாளின் நான்கு மூலைகளையும் கருவியே கண்டறிந்து, கோணலை நேராக்கி, நிழலை நீக்கி, நொடியில் படியாக்கித் தருகிறது. இதனைக் கண்டு வியப்போர் உண்டு, 'இது களவன்றோ?' என்று முகம் சுளிப்போரும் உண்டு. இவ்விரு சாராரிடையே எழும் வழக்கு புதியதன்று. அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

ஓலைக் காலத்தில் படியெடுத்தலே நூலுக்கு உயிராக இருந்தது. ஏடு செல்லரித்து அழியுமுன் வேறோர் ஏட்டில் எழுதி வைத்தாலன்றி நூல் வாழாது. எழுதியவன் பெயரும் எழுதி முடித்த நாளும் ஏட்டின் இறுதியில் காணப்படுவதுண்டு. அவனைக் கள்வன் என்று எவரும் கூறிற்றிலர். எனினும் அக்காலத்தும் தடை இல்லாமலில்லை. ஏடுடையோர் சிலர் அதனைப் பிறர் கண்ணிற் காட்டவும் தயங்கினர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்தபோது பட்ட பாட்டை நாம் அறிவோம். ஆங்கே குறுக்கே நின்றது பொருளின்மேல் உள்ள உடைமை. எழுத்தின்மேல் உள்ள உரிமை அன்று. இவ்விரண்டையும் பிரித்துணராமையே இற்றைக் குழப்பத்திற்கும் பாதிக் காரணம் என்பது நம் கருத்து.

இவ்வேறுபாட்டை இங்கிலாந்து நீதிமன்றம் 1741ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தது. தம் கடிதங்களை அச்சிட்டு விற்ற கர்ல் என்னும் புத்தக வணிகர்மீது கவிஞர் அலெக்சாண்டர் போப் வழக்கிட்டார். கடிதத்தாள் பெற்றவரைச் சேரும். அதனை அச்சேற்றும் உரிமை எழுதியவரிடமே நிற்கும் என்பது தீர்ப்பின் சாரம். நாம் ஒருமுறை ஓர் ஆவணக் காப்பிடத்தில், ஆசிரியர் மறைந்து நூறாண்டு கடந்த ஒரு நூலைப் படமெடுக்க விழைந்தபோது, 'பதிப்புரிமை தடுக்கிறது' என்று மறுத்தனர். தம் விதி தடுக்கிறது என்றிருப்பின் தலைவணங்கியிருப்போம். முடிந்துபோன உரிமையைக் காவலுக்கு நிறுத்தியதே வியப்பு!

நம் நாட்டில் பதிப்புரிமைச் சட்டம் 1847இல், கும்பினியார் ஆட்சியில் வந்தது. கல்விக்கு ஊக்கம் அளித்தலையே அது தன் நோக்கமாக அறிவித்துக்கொண்டது. பின்னர் 1914ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்பின் இன்றும் வழக்கிலிருக்கும் 1957ஆம் ஆண்டுச் சட்டமும் தோன்றின. ஆசிரியர் மறைவுக்குப்பின் 50 ஆண்டு என்றிருந்த காலவரை 1992இல் 60 ஆண்டாயிற்று. 1941இல் மறைந்த தாகூரின் நூல்கள் பொதுவுடைமையாகும் தறுவாயில் எழுந்த திருத்தம் அது. ஐயரவர்கள் மறைந்தது 1942இல். எனவே அவர் வாழ்நாளில் அச்சான உரைக்குறிப்புகளும் முகவுரைகளும் 2002 முடியும்வரை உரிமைக்குட்பட்டிருந்தன. சிந்தாமணி மூலமோ என்றும் எவருக்கும் தனியுடைமையன்று.

இனித் தில்லி வழக்கிற்கு வருவோம். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்டு பிரான்சிஸ் நிறுவனமும் 2012ஆம் ஆண்டில் தில்லிப் பல்கலைக்கழகத்தின்மீதும், தில்லிப் பொருளியற் பள்ளி வளாகத்திலிருந்த ராமேசுவரி என்னும் செராக்ஸ் கடையின்மீதும் வழக்குத் தொடுத்தன. பாடத்திட்டத்திற்கேற்பப் பல நூல்களின் பகுதிகளைப் படியெடுத்து, ஒரு கட்டாகக் கட்டி மாணவர்க்கு விற்றதே குற்றச்சாட்டு. மாணவர் தாமே ஓர் அமைப்பாகத் திரண்டு வழக்கில் இணைந்தனர்.

2016 செப்டம்பர் 16ஆம் நாள் நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். தாம் சட்டம் பயின்ற நாளில் மாணவர் முறைவைத்து நூலகத்தில் அமர்ந்து கையால் எழுதியெடுத்ததை அவர் அத்தீர்ப்பில் நினைவுகூர்கிறார். நமக்கு வேண்டிய செய்தி அதற்கடுத்துள்ளது. மாணவன் தனக்கு வேண்டிய பக்கங்களைக் கைப்பேசியிற் படமெடுத்துப் படிப்பதும் நியாயமான பயன்பாடே என்கிறார். எழுத்தாணியும் பேனாவும் கைப்பேசியும் ஒரு வரிசையில் வைக்கப்பட்ட இடம் அது. அவ்வாண்டு டிசம்பரில் இருவர் அமர்வும் அளவைப் பாராது நோக்கத்தையே பார்த்தது. கல்வி கற்பித்தலுக்கு வேண்டுமளவு படியெடுத்தல் 52ஆம் பிரிவின்படி குற்றமாகாது என்றது. எனினும் கட்டிலிருந்த பகுதிகள் அனைத்தும் பாடத்திற்கு வேண்டியவைதாமா என்பதை விசாரணைக்கு விட்டது. 2017இல் பதிப்பகத்தார் வழக்கைத் திரும்பப் பெற்றனர்.

இத்தீர்ப்பைப் படித்து மகிழ்வோர் ஒன்றை மறக்கலாகாது. கற்பதற்கென்று எடுத்த படியை, முழுநூலாகக் கோத்து, வாட்சாப் குழுக்களில் ஆயிரவர்க்கு அனுப்புதல் வேறு செயல். பெரும் பதிப்பகம் அதனைத் தாங்கும். சில நூறு படிகள் அச்சிட்டு, அவற்றை விற்றே அடுத்த நூலுக்குத் தாள் வாங்கும் தமிழ்ப் பதிப்பாளர் தாங்கார். ஓலையில் எழுதியவனுக்கு ஒரு படிக்கு ஒரு மாத உழைப்பும் வேண்டியிருக்கலாம். அவ்வுழைப்பே அக்காலத்து வேலியாக இருந்தது. இன்று அவ்வேலி இல்லை.

இவ்வச்சம் நம் வீட்டு வாசலிலும் உள்ளது. தமிழ்நாட்டிற்கு வெளியே உள்ள சங்கங்கள் ஆண்டுதோறும் வெளியிட்ட மலர்கள் பல இன்று தொட்டால் உதிர்கின்றன. வருடியின் கண்ணாடிமேல் கவிழ்த்து அழுத்தினால் கட்டு முறியும். மேலிருந்து, மின்னொளி வீசாமல், கைப்பேசியாற் படமெடுப்பதே அவற்றுக்கு இதமானது. வணிக நோக்கற்ற பொது நூலகம், தன்னிடமுள்ள நூலைப் பாதுகாக்க மின்வடிவிற் சேமிக்கலாம் என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது. ஆயினும் சேமித்தல் வேறு, யாவர்க்கும் திறந்துவிடுதல் வேறு. 1970களில் எழுதியோருள் பலர்தம் உரிமை இன்னும் முடியவில்லை; வாரிசுகள் எங்குள்ளனர் என்பதோ தெரியவில்லை.

நண்பர் சிலருடன் சேர்ந்து அத்தகைய மலர் ஒன்றை முழுதும் படமெடுத்தோம். வெளியிடுமுன் கட்டுரையாளர் குடும்பங்களைத் தேடிக் கடிதம் எழுதினோம். பெரும்பாலானவை விலாசதாரர் இல்லையென்று திரும்பின. வந்த மறுமொழிகளுள் ஒன்று ஒரு கட்டுரையாளரின் மகளாரிடமிருந்து. உரிமையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. தந்தையார் எழுதியது எதுவும் தம்மிடம் இல்லையென்றும், அந்த ஆறு பக்கங்களை மட்டும் தமக்கு அனுப்ப இயலுமா என்றும் கேட்டிருந்தார். அன்று மாலையே அனுப்பினோம்.